13 வோல்ட் வந்தும் நிற்காத ட்ரெய்லர்

இந்த வேலையில் முதல் தவறு என்னுடையது. அதைச் சொல்லிவிட்டுத் தொடங்குவதுதான் நியாயம்.

கடலூர் செம்மண்டலத்தில் ஆட்டோ எலக்ட்ரிக்கல் பட்டறை வைத்திருக்கிறேன். லாரிக்கும் டிராக்டருக்கும் வயரிங், டைனமோ, செல்ஃப் மோட்டார் என்று அன்றாடப் பிழைப்பு ஓடுகிறது. போன ஆவணியில் அரியாங்குப்பத்திலிருந்து ஓர் அண்ணன் வந்தார். கடலுக்குள் முக்குளிக்கப் போகிறவர்களை ஏற்றிச் செல்லும் ஃபைபர் படகு வைத்திருக்கிறார். படகை ஊர்விட்டு ஊர் கொண்டுபோக இரட்டை அச்சு ட்ரெய்லர், இழுக்க ஒரு டீசல் பிக்கப். ட்ரெய்லரின் சட்டம் உள்ளூரில் வெல்டிங் அடித்தது. அச்சு, ஹப், பிரேக் எல்லாம் வெளிநாட்டிலிருந்து பெட்டியில் வந்தவை. நாலு சக்கரத்திலும் 10 அங்குல எலக்ட்ரிக் டிரம் பிரேக்.

"தம்பி, பிரேக் புடிக்குது. ஆனா புடிச்ச மாதிரியே இல்ல" என்றார்.

அன்று ஒரு லாரி பட்டறையில் பிரிந்து கிடந்தது, டிரைவர் தலைமேல் நின்றுகொண்டிருந்தார். பிக்கப்பின் டேஷ்போர்டுக்கு அடியில் இருந்த பிரேக் கண்ட்ரோலரைக் குனிந்து பார்த்தேன். ட்ரெய்லர் பிரேக்குக்கு எவ்வளவு மின்சாரம் போக வேண்டும் என்று வைக்கும் கெயின் குமிழ் 5-இல் இருந்தது. 8-க்கு ஏற்றினேன். சாலையில் ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்து, பரவாயில்லை என்றார். "சரிண்ணே, போய்ட்டு வாங்க" என்று அனுப்பிவிட்டேன். காசுகூட வாங்கவில்லை. காசு வாங்கியிருந்தால் கொஞ்சம் கூடுதலாகப் பார்த்திருப்பேனோ என்னவோ.

பதினோராம் நாள் போன் வந்தது. கன்னியக்கோயில் பக்கம், முன்னால் போன தனியார் பஸ் ஆள் ஏற்றச் சட்டென்று ஒதுங்கி நின்றிருக்கிறது. அண்ணன் பிரேக்கை மிதித்திருக்கிறார். பிக்கப் நிற்கப் பார்க்கிறது, ட்ரெய்லர் நிற்க மாட்டேன் என்கிறது. பஸ்ஸின் பின்பக்க பம்பருக்கு ஒரு முழம் இருக்கும்போது நின்றதாம். "பின்னால நின்னு யாரோ நெட்டித் தள்ளுன மாதிரி இருந்துச்சு தம்பி" என்றார். குரலில் கோபம் இல்லை. அதுதான் எனக்கு உறைத்தது. படகையும் ட்ரெய்லரையும் எடைமேடையில் ஏற்றிப் பார்த்தபோது 2,140 கிலோ. அத்தனை எடையும் பிக்கப்பின் நாலு சக்கரத்து பிரேக்கை நம்பி ஓடிக்கொண்டிருந்திருக்கிறது.

வண்டியை அப்படியே மெதுவாக என் பட்டறைக்குக் கொண்டுவரச் சொன்னேன். இந்த முறை வேறு எந்த வண்டியையும் உள்ளே விடவில்லை.

இந்த பிரேக் வேலை செய்யும் விதம்

நம் பக்கத்தில் ட்ரெய்லர் என்றால் டிராக்டர் பெட்டிதான். அதில் பிரேக்கைத் தேடிப் பார்க்கிற பழக்கம் நமக்கு இல்லை. எலக்ட்ரிக் பிரேக் பார்த்த மெக்கானிக்குகள் இங்கே விரல்விட்டு எண்ணும் அளவுதான். அதனால் இதைக் கொஞ்சம் விரித்தே சொல்கிறேன்.

டிரம்முக்குள் ஹைட்ராலிக் சிலிண்டர் கிடையாது. அதற்குப் பதில் ஒரு நெம்புகோல், அதன் முனையில் உள்ளங்கைக்குள் அடங்கும் ஒரு மின்காந்தம். மேக்னெட் என்றே சொல்வோம். மின்சாரம் வந்ததும் இந்த மேக்னெட் சுழலும் டிரம்மின் உள்முகத்தில் ஒட்டிக்கொள்ளும். கடைந்து வழவழப்பாக வைத்திருக்கும் அந்த முகத்துக்கு ஆர்மேச்சர் என்று பெயர். ஒட்டிய மேக்னெட்டை டிரம் தன்னோடு இழுத்துப் போகப் பார்க்கும். மேக்னெட் நகர்ந்தால் நெம்புகோல் சாயும், சாய்ந்த நெம்புகோல் பிரேக் கட்டையான ஷூவை டிரம்மில் அழுத்தும். ஆக, ஷூவைத் தள்ளும் பலம் மேக்னெட்டுடையது அல்ல. சக்கரம் சுற்றுகிற பலத்தையே திருடி பிரேக் பிடிக்கிறது. மேக்னெட் வலுவிழந்தால் அந்தத் திருட்டும் குறைந்துபோகும். நின்றுகொண்டிருக்கும் வண்டியில் பிரேக்கைச் சோதிக்க முடியாததற்கும் இதுதான் காரணம். சக்கரம் சுற்றினால்தான் அதற்கு உயிர்.

மின்காந்தத்தின் இழுவை மின்னோட்டம் குறையும் அளவுக்கே குறையாது, அதைவிட வேகமாகக் குறையும். பாதி மின்னோட்டம் போனால் பாதி இழுவை மிஞ்சும் என்று கணக்குப் போட்டால் ஏமாந்துபோவோம்.

இந்த அளவு பிரேக்குக்குத் தயாரிப்பாளர் கையேடு சொல்லும் எண்கள் இரண்டு. மேக்னெட்டின் மின்தடை 3.2 ஓம். மின்னோட்டம் ஒரு மேக்னெட்டுக்கு 3 ஆம்பியர், நாலுக்கும் சேர்த்து 12. 12 வோல்ட்டை 3.2-ஆல் வகுத்தால் 3.75 வருமே என்று கேட்கலாம். வயரின் தடையும், சூடேறும்போது மேக்னெட் சுருளில் ஏறும் தடையும் அந்த எண்ணைக் கீழே இழுத்துவிடும். செம்பு 100 டிகிரிக்குப் போனால் அதன் தடை மூன்றில் ஒரு பங்கு அளவுக்குக் கூடிவிடும். இறக்கத்தில் போகப் போக பிரேக் தளர்கிறது என்று சொல்பவர்கள் ஷூவின் மேல் இருக்கும் உராய்வுப் பட்டையான லைனிங்கின் சூட்டைத்தான் திட்டுவார்கள். சுருளின் சூட்டுக்கும் அதில் பங்கு உண்டு.

பின்னைப் பிடுங்கிப் பார்த்தது

முதல் கேள்வி, குறை பிக்கப்பிலா ட்ரெய்லரிலா என்பது. இதை ஐந்து நிமிடத்தில் பிரித்துவிடலாம், கண்ட்ரோலரைக் கழற்றவே வேண்டாம். இப்படிப்பட்ட ட்ரெய்லரின் முன்கழுத்தில் ஒரு சின்ன பேட்டரியும் ஒரு சுவிட்சும் இருக்கும். சுவிட்சில் செருகிய பின்னிலிருந்து ஒரு கம்பிக்கயிறு பிக்கப்புக்குப் போகும். ஓடும்போது ட்ரெய்லர் கழன்றுகொண்டால் கயிறு பின்னைப் பிடுங்கும், ட்ரெய்லர் தன் பேட்டரியிலிருந்தே முழு பிரேக் போட்டு நிற்கும். உயிர்காக்க வைத்த ஏற்பாடு, சோதனைக்கும் உதவும். ஒரு எச்சரிக்கை: பின்னைப் பிடுங்கும் முன் பிக்கப்பின் சாக்கெட்டிலிருந்து பிளக்கை உருவிவிட வேண்டும். இல்லையென்றால் மின்சாரம் பின்வழியாகக் கண்ட்ரோலருக்குள் ஏறி அதைக் கெடுத்துவிடலாம்.

பிளக்கை உருவினேன். பிரேக் வயரில் கிளாம்ப் மீட்டரை மாட்டினேன். ஏசி மட்டும் காட்டும் கிளாம்ப் மீட்டர் இதற்கு உதவாது, டிசி ஆம்பியரும் காட்டுவதாக இருக்க வேண்டும். பின்னைப் பிடுங்கியதும் காட்டியது 6.8 ஆம்பியர்.

பின்னைத் திரும்பச் செருகி, பிளக்கை மாட்டி, இன்ஜினை ஓடவிட்டு, ட்ரெய்லர் பிரேக்கை மட்டும் போடும் கண்ட்ரோலரின் கைவிசையை முழுக்கத் தள்ளச் சொன்னேன். 7.5 ஆம்பியர். இங்கே முழுக்கத் தள்ளுவது முக்கியம். பாதி அழுத்தத்தில் கண்ட்ரோலர் மின்சாரத்தை வெட்டி வெட்டி அனுப்பும், அப்போது மீட்டர் காட்டும் எண்ணை நம்ப முடியாது. முழு அழுத்தத்தில்தான் தொடர்ச்சியாக வரும்.

இரண்டு வழியிலும் 12 ஆம்பியருக்குப் பக்கத்தில்கூடப் போகவில்லை. ஆகவே பிக்கப்பும் கண்ட்ரோலரும் குற்றவாளிகள் அல்ல. நான் ஆவணியில் திருகிய குமிழுக்கும் இந்த நோய்க்கும் சம்பந்தமே இல்லை.

பிக்கப்பின் சாக்கெட்டில் வோல்ட் பார்த்தேன். இன்ஜின் ஓட்டத்தில் 13.1 வோல்ட் புறப்படுகிறது. சக்கரத்தின் பின்னால், நாலு மேக்னெட்டின் இணைப்பையும் கழற்றிவிட்டு, வரும் வயரில் பார்த்தால் அங்கேயும் கிட்டத்தட்ட 13. அண்ணன் இதைப் பார்த்ததும், "முன்னாடி பாத்த எலக்ட்ரீசியனும் இதத்தான் சொன்னாரு. கரெண்டு முழுசா வருது, டிரம்லதான் கோளாறுன்னாரு" என்றார்.

அந்த எலக்ட்ரீசியனைக் குறை சொல்ல மாட்டேன். டெஸ்ட் லேம்ப் வைத்துப் பார்த்திருப்பார், பளிச்சென்று எரிந்திருக்கும். டெஸ்ட் லேம்ப் குடிப்பது அரை ஆம்பியர்கூட இல்லை. பாதி அடைத்த குழாயில் வாளியை வைக்காமல் விரலை வைத்துப் பார்ப்பது போலத்தான் அது. ஈரம் படும், தண்ணீர் வருகிறது என்று நினைத்துக்கொள்வோம். சுமை இல்லாமல் பார்த்த வோல்ட்டுக்கு இந்த வேலையில் மதிப்பே இல்லை. நான் பழைய ஹெட்லைட் பல்பு ஒன்றில் இரண்டு கிளிப் மாட்டி வைத்திருக்கிறேன். 55 வாட், நாலரை ஆம்பியர் இழுக்கும். அதை அதே வயரில் மாட்டியதும் பல்பு ஆரஞ்சு நிறத்தில் சோம்பலாக எரிந்தது. அண்ணன் மீட்டரைப் பார்ப்பதை விட்டுவிட்டு பல்பையே பார்த்துக்கொண்டிருந்தார்.

சுட்ட போல்ட்

மேக்னெட்டுகளைத் திரும்ப இணைத்து, பட்டறைப் பையனைக் கைவிசையைப் பிடித்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, வழி நெடுக வோல்ட் எங்கே விழுகிறது என்று தேடினேன். மீட்டரின் ஒரு முனை வயரின் இந்தப் பக்கம், மறுமுனை அந்தப் பக்கம். நல்ல இணைப்பில் மீட்டர் ஏறக்குறைய சுழியம் காட்ட வேண்டும்.

பிக்கப்புக்குள் 0.4 வோல்ட் போகிறது. அது பொறுக்கலாம். ட்ரெய்லருக்குள் மேக்னெட்டுகளுக்குப் போகும் வயரில் 0.9. மேக்னெட்டுகளில் மிஞ்சுவது 8 மட்டும். மேக்னெட்டிலிருந்து திரும்பும் எர்த் பாதையில், மீட்டரைக் கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தேன், 3.8 வோல்ட்.

நம் தொழிலில் எல்லோரும் போகும் வயரைத் தேடுவோம், திரும்பும் வயரை மறந்துவிடுவோம். போன மின்சாரம் திரும்பி வந்தால்தானே சுற்று முடியும்.

நாலு சக்கரத்தின் எர்த் வயர்களும் முன்கழுத்துச் சட்டத்தில் ஒரே போல்ட்டில் வந்து சேர்ந்திருந்தன. வயர் முனையில் இருந்த வளைய லக்கின் மேல் மீட்டரின் ஒரு முனையும் சட்டத்தின் பச்சை இரும்பைச் சுரண்டி அதில் மறுமுனையும் வைத்தேன். அந்த ஒற்றை இணைப்பில் மட்டும் 3.5 வோல்ட் விழுந்தது. 7.5 ஆம்பியரால் பெருக்கிப் பார்த்தால் 26 வாட். கடையில் வாங்கும் சின்ன சால்டரிங் அயர்ன் 25 வாட்தான்! பையன் கைவிசையைப் பிடித்து ஒரு நிமிடம் ஆகியிருக்கும். போல்ட்டின் தலையில் விரலை வைத்தேன், வெடுக்கென்று எடுத்துக்கொண்டேன். பெயின்ட் பொரியும் வாசனை வந்தது.

"அண்ணே, உங்க பிரேக்கு இங்கதான் எரிஞ்சுக்கிட்டு இருக்கு" என்றேன். அவர் நம்பாமல் தானும் தொட்டுப் பார்த்துவிட்டு விரலை வாயில் வைத்துக்கொண்டார்.

ஆறவிட்டு போல்ட்டைக் கழற்றினோம். சட்டத்துக்கு அடித்த நீலப் பெயின்ட்டின் மேலேயே லக்கை வைத்து இறுக்கியிருக்கிறார்கள். பெயின்ட்டைக் கிழித்து இரும்பைக் கடிக்கும் பல் வாஷர் இல்லை. போல்ட்டின் மரை வழியாக மட்டும் மின்சாரம் போய்க்கொண்டிருந்திருக்கிறது. புதிதில் அதுவே போதுமானதாக இருந்திருக்கும். பிறகு ட்ரெய்லர் வாரம் இரண்டு முறை சுண்ணாம்பாற்றுக் கழிமுகப் பக்கம் உப்புத் தண்ணீரில் இறங்கி ஏறியதில் மரையெல்லாம் துரு. லக்கின் உட்புறத்தில் பச்சையாகப் பொருக்கு, நகத்தால் சுரண்டினால் செதில் செதிலாக வந்தது. செம்பு வயரின் இழைகள் ஒரு விரற்கடை நீளத்துக்கு உள்ளே கறுத்துப் போயிருந்தன.

ட்ரெய்லரைக் கட்டிய பட்டறையின் பெயர் இங்கே வேண்டாம். வெல்டிங் வேலை அருமையான வேலை. வயரிங்கை மட்டும் வீட்டு வயரிங் மாதிரி நினைத்துவிட்டார்கள். போகும் வயர் 1 சதுர மில்லிமீட்டர், வீட்டில் லைட் பாயின்ட்டுக்கு இழுப்பது. ஒரு மீட்டர் நீளத்துக்கு 0.02 ஓம் பக்கம் தடை. 6 மீட்டர் ஓடினால் 0.12 ஓம். 230 வோல்ட்டில் இது கண்ணுக்கே தெரியாது. 12 வோல்ட்டில் 7.5 ஆம்பியர் ஓடும்போதே 0.9 வோல்ட்டைத் தின்றுவிட்டது. நாலு மேக்னெட்டும் முழுதாக இழுத்தால் இன்னும் தின்னும்.

இங்கே ஒரு கணக்கு உதைத்தது. நாலு மேக்னெட்டும் பக்க இணைப்பில் இருந்தால் மொத்தத் தடை 0.8 ஓம். 8 வோல்ட்டுக்கு 10 ஆம்பியர் ஓட வேண்டும். ஓடுவது 7.5. மூன்று மேக்னெட் என்று வைத்தால் கணக்கு சரியாக உட்கார்ந்தது. அப்படியானால் ஒன்று செத்திருக்கிறது.

எது என்று கண்டுபிடிக்க டிரம்மைக் கழற்ற வேண்டியதில்லை. அண்ணனின் போனில் திசைகாட்டி இருந்தது. படகு ஓட்டுபவர் ஆயிற்றே. போனை ஒவ்வொரு சக்கரத்தின் பின்னாலும் காட்டச் சொல்லி, கைவிசையைத் தள்ளியும் விட்டும் பார்த்தோம். மூன்று சக்கரத்தில் முள் தூக்கிவாரிப் போட்டது போலச் சுழன்றது. வலது பின்சக்கரத்தில் அசையவில்லை. "வடக்குன்னா வடக்குன்னே நிக்குது தம்பி" என்றார். கிளாம்ப் மீட்டரை ஒவ்வொரு சக்கர வயரிலும் மாட்டி உறுதி செய்துகொண்டேன். மூன்றில் இரண்டரை இரண்டரை ஆம்பியர், நாலாவதில் ஒன்றுமில்லை.

மல்டிமீட்டரில் ஓம் வைத்துப் பார்க்கக் கூடாதா என்று பையன் கேட்டான். பார்க்கலாம். ஆனால் சாதாரண மல்டிமீட்டரின் வயருக்கே 0.3 ஓம் தடை இருக்கும். இரண்டு முனையையும் ஒட்டவைத்து வரும் எண்ணைக் கழித்துக்கொள்ளாவிட்டால் 3.2 எங்கே 3.5 எங்கே என்று குழம்பிப்போவோம்.

டிரம்மைத் திறந்தபோது

மறுநாள் ட்ரெய்லரை ஸ்டாண்டில் ஏற்றி நாலு டிரம்மையும் கழற்றினோம்.

வலது பின்சக்கரத்தில் எதிர்பார்த்ததுதான் இருந்தது. மேக்னெட்டின் வயரைப் பிடித்து வைக்கும் கிளிப் இல்லை. தொங்கிய வயர் ஆர்மேச்சரில் உரசி உரசி அறுந்திருக்கிறது. பின்சக்கரங்கள் இரண்டிலும் ஆர்மேச்சர் முகம் உப்பில் அரித்துச் சொரசொரவென்று இருந்தது. அந்தச் சொரசொரப்பு அரம் மாதிரி, அதில் தேயும் மேக்னெட் வெகுநாள் தாங்காது. மேக்னெட்டின் முகத்தில் ஒரு ஸ்கேலை வைத்துப் பார்த்தால் நடுவில் வெளிச்சம் தெரியக் கூடாது, தேய்மானம் சமமாக இருக்க வேண்டும். உள்ளே சுருளின் செம்பு தெரிந்தால் அதன் ஆயுள் முடிந்தது. இடது பின் மேக்னெட்டில் இன்னும் செம்பு தெரியவில்லை. ஆனாலும் ஒரு அச்சின் இரண்டு மேக்னெட்டையும் ஜோடியாகத்தான் மாற்ற வேண்டும். ஒன்று புதிது ஒன்று பழையது என்றால் ட்ரெய்லர் ஒரு பக்கமாக இழுக்கும்.

நான் எதிர்பாராதது இடது முன்சக்கரத்தில் இருந்தது. டிரம்மை உருவியதும் கிரீஸ் வாசனை. லைனிங், மேக்னெட், ஸ்பிரிங் எல்லாம் பழுப்பு நிறத்தில் மினுமினுத்தன. இந்த ஹப்களின் முனையில் கிரீஸ் நிப்பிள் உண்டு. கிரீஸ் கன்னை மாட்டிப் பழைய கிரீஸ் முன்பக்கமாக வெளியே வரும்வரை மெல்ல மெல்ல, சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே அடிக்க வேண்டும். "நான்தான் அடிச்சேன்" என்றார் அண்ணன். "உப்புத் தண்ணில போவுதே, நல்லா இருக்கட்டும்னு காத்து கன்ல அடிச்சேன்." காற்றழுத்த கன்னின் வேகம் பின்பக்க ஆயில் சீலைத் தள்ளிவிட்டுக் கிரீஸை டிரம்முக்குள் கொட்டியிருக்கிறது. நல்லது செய்யப்போய் வந்த வினை.

பெட்ரோலில் கழுவி உப்புத்தாளில் தேய்த்துப் போட்டுவிடலாமே என்பதுதான் எந்தப் பட்டறையிலும் வரும் முதல் யோசனை. மோட்டார் சைக்கிள்களில் நானே செய்திருக்கிறேன். லைனிங் பஞ்சு மாதிரி. மேலே துடைத்துவிடலாம், உள்ளே குடித்த கிரீஸ் இரண்டு முறை சூடானதும் திரும்ப மேலே வரும். கிரீஸ் குடித்த லைனிங்கை மாற்றத்தான் வேண்டும், அதுவும் அந்த அச்சின் இரண்டு பக்கமும்.

வலது முன்சக்கரத்தில் கிரீஸ் இல்லை, வயர் சரி. ஆனால் அட்ஜஸ்டரை யாரும் பொருத்திய நாளிலிருந்து தொடவேயில்லை. ஷூவுக்கும் டிரம்முக்கும் இடைவெளி கூடக்கூட நெம்புகோல் அதிக தூரம் சாய வேண்டும். அதற்கும் ஒரு எல்லை உண்டு. எல்லையில் போய் முட்டிக்கொண்டால் எவ்வளவு மின்சாரம் கொடுத்தாலும் ஷூ அழுந்தாது. நீளமான லைனிங் உள்ள ஷூ பின்பக்கமாக, சின்னது முன்பக்கமாக இருக்கிறதா என்றும் பார்த்தேன். இடம் வலம் மாற்றிப் பூட்டியிருந்தால் அதுவே ஒரு தனி நோய். இங்கே அது சரியாகவே இருந்தது.

இப்போது கணக்கைப் பாருங்கள். ஒரு சக்கரத்தில் மின்சாரமே இல்லை. ஒன்றில் கிரீஸ். ஒன்றில் அட்ஜஸ்ட்மென்ட் போய்விட்டது. மிஞ்சிய ஒன்றுக்கும் 8 வோல்ட்தான். நாலு சக்கர பிரேக் என்று நம்பிக்கொண்டு அண்ணன் முக்கால் சக்கர பிரேக்கில் சென்னை வரை போய் வந்திருக்கிறார்.

வேலை

சாமான் வெளியிலிருந்து வர வேண்டும். முன் அச்சுக்கு ஷூ, மேக்னெட், ஸ்பிரிங் எல்லாம் பூட்டிய முழு பேக்கிங் பிளேட்டாகவே இடது வலது ஒரு ஜோடி. பின் அச்சுக்கு இரண்டு மேக்னெட். ஆயில் சீல் நாலு. புதுச்சேரியில் லைனிங் ரிவெட் அடிக்கும் கடையில் கொடுத்தால் மூன்றில் ஒரு பங்கு செலவில் முடியும் என்று அண்ணன் கேட்டார். அந்தக் கடைக்காரர்கள் கைதேர்ந்தவர்கள், லாரிக்கென்றால் கண்ணை மூடிக்கொண்டு கொடுப்பேன். இங்கே நெம்புகோலின் சின்ன அழுத்தத்தில் ஷூ தானே கவ்வி இழுத்துக்கொள்ள வேண்டும். லைனிங்கின் உராய்வு கொஞ்சம் மாறினாலும் ஒன்று வழுக்கும், இல்லை பூட்டிக்கொள்ளும். எனக்குத் தெரியாத லைனிங்கைப் போட்டு அவரை ஈசிஆரில் அனுப்ப மனம் வரவில்லை.

பன்னிரண்டு நாள் காத்திருந்தோம். நடுவில் ஒருநாள் வந்து, "ஒரே ஒரு ட்ரிப்பு தம்பி, மரக்காணம் வரைக்கும்தான், மெதுவா போய்ட்டு வந்துடறேன்" என்றார். டிரம் எல்லாம் லேத்தில் கிடப்பதைக் காட்டினேன். சிரித்துவிட்டுப் போய்விட்டார்.

லேத்தில் பின் டிரம்களின் ஆர்மேச்சர் முகத்தைத் துரு போகும் அளவுக்கு மட்டும் மெல்லிசாகக் கடைந்து எடுத்தோம். வயரிங் முழுவதையும் உருவிப் போட்டுவிட்டேன். போவதற்கும் வருவதற்கும் 4 சதுர மில்லிமீட்டர், வெள்ளீயம் பூசிய செம்பு வயர். உப்புக்காற்றில் வெறும் செம்பு கறுக்கும், இது தாங்கும். எர்த்தைச் சட்டத்தை நம்பி விடவில்லை. நாலு சக்கரத்திலிருந்தும் தனி வயராக பிளக்கின் எர்த் பின் வரைக்கும் கொண்டுபோனேன். பிக்கப்பின் பந்து இணைப்பு வழியாக எர்த் தானாகக் கிடைத்துவிடும் என்று சிலர் விட்டுவிடுவதுண்டு. அந்தப் பந்தில் தேய்மானத்துக்குக் கிரீஸ் தடவியிருப்பார்கள், மேடு பள்ளத்தில் அது குதிக்கும். அதை நம்பி பிரேக்கை விட முடியாது. லக் எல்லாம் நல்ல கிரிம்பரில் அழுத்தி, உள்ளே பசை உள்ள ஸ்லீவைச் சூடாக்கி மூடினேன். கறுப்பு டேப் சுற்றுவதைத் தவிர்த்தேன். இரண்டு மழைக்குப் பிறகு டேப்பே தண்ணீரைத் தேக்கி வைத்துக்கொள்ளும்.

அட்ஜஸ்ட்மென்ட் பையன் கையால் நடந்தது. பேக்கிங் பிளேட்டின் பின்னால் ரப்பர் மூடியைக் கழற்றினால் நீள்துளையில் பல்சக்கரம் தெரியும். சக்கரம் கையால் சுற்ற முடியாத அளவுக்கு இறுக்கி, பிறகு பத்துப் பல் அளவுக்குத் தளர்த்தினால் லேசாக உரசிக்கொண்டு சுற்றும். அதுதான் பதம்.

முன்கழுத்து பேட்டரியும் வீங்கியிருந்தது, மாற்றினோம்.

இன்ஜினை ஓடவிட்டுக் கைவிசையைத் தள்ளினோம். 13.7 ஆம்பியர். மேக்னெட்டின் வாயில் 11 வோல்ட். எர்த் பாதையில் விழுந்தது கால் வோல்ட்டுக்கும் கொஞ்சம் மேல், அவ்வளவே. புதிய எர்த் இணைப்பில் விரலை வைத்துக்கொண்டு பத்து எண்ணினேன். குளிர்ச்சியாக இருந்தது.

கேப்பர் மலை

புதிய லைனிங் பூட்டியதும் முழுசாகப் பிடிக்காது. லைனிங்கும் டிரம்மும், மேக்னெட்டும் ஆர்மேச்சரும் ஒன்றோடொன்று படிய வேண்டும். விடியற்காலை ஐந்து மணிக்கு, சாலை காலியாக இருக்கும்போது, விழுப்புரம் – நாகப்பட்டினம் நான்கு வழிச் சாலையில் ஏறினோம். 65 கிலோமீட்டர் வேகத்திலிருந்து 30-க்குக் கைவிசையால் ட்ரெய்லர் பிரேக்கை மட்டும் போட்டு இறக்க வேண்டும், டிரம் ஆற அவகாசம் கொடுத்துத் திரும்ப. இருபது முப்பது முறை. முதல் ஐந்தாறு முறை அண்ணனின் முகம் வாடியிருந்தது. பதினைந்துக்கு மேல் ட்ரெய்லர் பின்னாலிருந்து சட்டையைப் பிடித்து இழுப்பது போல இழுக்க ஆரம்பித்தது. இடது பக்கம் லேசாக இழுத்துக்கொண்டிருந்ததும் இருபதாவது முறையோடு நின்றது.

கெயினை அப்போதுதான் தொட்டேன். சமதளத்தில் 40 கிலோமீட்டர் வேகத்தில் கைவிசையை முழுக்கத் தள்ளினால் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல், அதற்குச் சற்று முன்பு நிற்க வேண்டும். 8-இல் நாலு டயரும் கிறீச்சிட்டுப் பூட்டிக்கொண்டன. 5-க்குக் குறைத்ததும் சரியாக வந்தது. ஆவணியில் அவர் கொண்டுவந்தபோது இருந்த அதே 5.

படகை ஏற்றிக்கொண்டு கேப்பர் மலைக்குப் போனோம். கடலூரைச் சுற்றி மேடு என்று சொல்ல அதுதான் இருக்கிறது. செம்மண் மேட்டின் மேல் முந்திரித் தோப்புகளைத் தாண்டி வண்டியைத் திருப்பிக்கொண்டு இறக்கத்தில் விட்டோம். பாதி இறக்கத்தில், காலை எடுத்துவிட்டுக் கைவிசையை மட்டும் போடச் சொன்னேன். 2,140 கிலோவும் பிக்கப்பும் சேர்ந்து தயங்கி, குனிந்து, நின்றன. அண்ணன் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி கொஞ்சநேரம் எதுவும் பேசவில்லை. பிறகு, "இது இப்பிடியா நிக்கும்?" என்றார்.

படகு ட்ரெய்லருக்கு எலக்ட்ரிக் டிரம் பிரேக் சரியான தேர்வே அல்ல என்பது என் கருத்து. அதை அவரிடமும் சொன்னேன். சூடான டிரம்மை உப்புத் தண்ணீரில் இறக்கினால் ஹப் உள்ளே தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். ட்ரெய்லர் தள்ளும் தள்ளலிலேயே இயங்கும் ஓவர்ரன் ஹைட்ராலிக் பிரேக் இதற்குப் பொருந்தும். அச்சையே மாற்றும் செலவு அது. இருப்பதை வைத்து ஓட்டுவதென்றால், தண்ணீரில் இறக்குமுன் டிரம்மைக் கை பொறுக்கும் சூட்டுக்கு ஆறவிட வேண்டும், பிளக்கை உருவிவிட வேண்டும், ஏறியதும் நாலு டிரம்முக்குள்ளும் நல்ல தண்ணீர் பீய்ச்ச வேண்டும். இப்போது பிக்கப்பின் பின்னால் இருபது லிட்டர் கேனும் ஒரு கையடி பம்ப்பும் எப்போதும் இருக்கின்றன.

300 கிலோமீட்டர் ஓடியதும் வரச் சொல்லியிருந்தேன், வந்தார். புது லைனிங் படிந்ததில் முன் அச்சில் மூன்று பல் தளர்ந்திருந்தது, இறுக்கிவிட்டேன். முன்கழுத்துச் சட்டத்தில், பழைய போல்ட் இருந்த துளைக்குப் பக்கத்தில், வெள்ளைப் பெயின்ட்டில் 13.7 என்று எழுதி வைத்திருக்கிறேன். எந்த ஊரில் எந்தப் பட்டறைக்குப் போனாலும் கிளாம்ப் மீட்டரை மாட்டி அந்த எண்ணோடு ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்ளலாம். தை மாதம் வந்தபோது 13.4 காட்டியது. பிளக்கின் எர்த் பின்னில் பச்சை பூக்கத் தொடங்கியிருந்தது. துடைத்ததும் 13.7-க்கு வந்தது.